பதினைந்தாம் தேதி மழை

பூந்தமல்லி
4.4.2011

அன்புள்ள மச்சானுக்கு ஹிபா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மாமியும் இங்கே நலம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது, குழாயில் தண்ணீர் வந்துவிட்டதா, தரை இன்னும் ஆடுகிறதா என்று அறிய ஆவல்.

வாரத்துக்கு இரண்டு தடவை ஃபோனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். ஃபோன் வந்தால் மாமி ஸ்பீக்கரைப் போடச் சொல்கிறார்கள். ஒரே மகன் குரலைக் கேட்க ஆசை இருக்காதா, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் உங்களிடம் தனியாகப் பேச எனக்கு வேறு வழி இல்லை. மாமிக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், தமிழ் எழுத்து தெரியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் ஃபுகுஷிமாவிலிருந்து வந்து இரண்டு வாரம் ஆகிறது. தெரு முழுக்க என்னைப் பற்றித்தான் பேச்சு. நேற்று பக்கத்து வீட்டு பேபி அக்கா கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு கேட்டார்கள்: “இன்னாமா ஹிபா, அந்த கதிர்வீச்சு ஒட்டிக்கினு வருமாமே? டிவில சொன்னான்.” நான், “நல்லா குளிச்சிட்டேன் அக்கா” என்றேன். சிரிக்கத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மகள் வர்ஷாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

வயிற்றில் ஒன்பதரை வாரம். வாந்தி உண்டு. ராட்டினம் மாதிரி தலை சுற்றுகிறது. மற்றபடி குறையில்லை.

ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பதினைந்தாம் தேதியைப் பற்றி நாம் இன்னும் பேசவே இல்லை. விமானம் ஏற நீகாதாவுக்குப் போகும் வழியில் காரில் பேசவில்லை, விமான நிலையத்திலும் பேசவில்லை. அதனால் ஏதாவது ஆகுமா? நீங்கள் படித்தவர், அங்கே விவரம் தெரிந்தவர்களைக் கேட்டு எழுதுங்கள்.

துஆவுடன்,
ஹிபா


ஃபுகுஷிமா
14.4.2011

அன்புள்ள ஹிபாவுக்கு, முஸ்தகீம். வ அலைக்கும் ஸலாம். இங்கு நான் நலம். நீயும் அம்மாவும் நலமாயிருக்க துஆ செய்கிறேன்.

தண்ணீர் வந்துவிட்டது. ஏழாம் தேதியும் பதினொன்றாம் தேதியும் பெரிய ஆட்டம். அலமாரியைச் சுவரோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன். ஆபீஸ் திறந்துவிட்டார்கள். பாதிப்பேர்தான் வருகிறார்கள். மேல்மாடியில் இருந்த தம்பதி குழந்தையோடு ஒசாகா போய்விட்டார்கள்.

செர்ரி பூத்திருக்கிறது. இந்த வருடம் யாரும் அடியில் பாய் விரித்து உட்காரவில்லை.

என் ஒப்பந்தம் செப்டம்பர் வரை. அதுவரை இருந்துவிட்டு வருகிறேன். நீ இரும்புச் சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடு. நீ கேட்டதற்கு: ஒன்றும் ஆகாது. கவலைப்படாதே.

முஸ்தகீம்


பூந்தமல்லி
28.4.2011

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இருவரும் நலம். உங்கள் கடிதம் இருபத்தாறாம் தேதி வந்தது. பன்னிரண்டு நாள் ஆகிறது ஒரு கடிதம் வர.

டிரங்க் ரோட்டில் இருக்கும் சாவித்திரி டாக்டரிடம் மாமி அழைத்துப் போனார்கள். ஐம்பது வயது இருக்கும். நிதானமாகப் பேசுகிறார். ஜப்பான் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “உலை வெடிச்ச பிறகு வெளியில இருந்தீங்களாம்மா? மழை, பனி எதுலயாவது நனைஞ்சீங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் மாமி சொல்லிவிட்டார்கள்: “எம்புள்ள கதவ சாத்திக்கினு உள்ளயே வச்சிருந்தான் டாக்டர். வாசப்படி தாண்ட உடல.”

டாக்டர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்காதீர்கள். மாமி அன்றைக்குக் காலையில்தான் ரஹிமாவைப் பற்றி எனக்கு முழுதாகச் சொல்லியிருந்தார்கள். உங்கள் அக்கா பேசாமல், நடக்காமல் பத்தொன்பது வருடம் இருந்து மௌத்தானது மட்டும்தான் எனக்குத் தெரியும். மாமி சொன்னார்கள்: “பத்தொம்போது வருஷம் நான்தான் தூக்கினேன். அவளுக்கு வயசு வந்தப்பவும் நான்தான் தூக்கினேன். அவ போன அன்னிக்கு, யா அல்லாஹ், எனக்கு முன்னாடி இவள எடுத்துக்கினியேன்னு நன்றி சொல்லி ஷுக்ரு பண்ணேன். பெத்தவ அப்டி சொல்லலாமா? சொன்னேன். நீ அதை சொல்ற நாள் வரவே கூடாதும்மா.”

இதைச் சொன்னவர்களிடம் எப்படி அந்தப் பதினைந்தாம் தேதி மழையைப் பற்றிச் சொல்வது?

ஹிபா


ஃபுகுஷிமா
10.5.2011

அன்புள்ள ஹிபாவுக்கு, நலம். நலமறிய ஆவல்.

டாக்டரிடம் நீ சொன்னது சரிதான். நாம் வீட்டுக்குள்தான் இருந்தோம். யார் கேட்டாலும் அதையே சொல். இங்கே பள்ளிக்கூட மைதானங்களில் மேல்மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும் என்று பேசுகிறார்கள். அதையெல்லாம் அங்கே டிவியில் பார்த்துக்கொண்டு உட்காராதே.

அம்மா அனுபவப்பட்டவர். அவர் சொல்வதைக் கேட்டு நட.

முஸ்தகீம்


பூந்தமல்லி
20.5.2011

மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ‘நாம் வீட்டுக்குள்தான் இருந்தோம்.’ ஊருக்குச் சொல்லச் சொல்லுங்கள், சொல்கிறேன். என்னிடமே ஏன் சொல்கிறீர்கள்? நான்தானே போய் நின்றேன்?

எங்காவது ஒரு இடத்தில் இதை எழுதிவைக்க வேண்டும் போலிருக்கிறது. நடந்தது இதுதான். மார்ச் பதினைந்து, செவ்வாய்க்கிழமை. நான்கு நாளாகக் குழாயில் தண்ணீர் இல்லை. நீங்கள் பெட்ரோல் பங்க் வரிசைக்குப் போனீர்கள். போகும்போது, “பள்ளிக்கூடத்துல தண்ணி லாரி வருதாம், முடிஞ்சா நீ போய் நில்லு” என்றீர்கள். மூன்று மணிக்கு இரண்டு வாளியோடு போனேன். சாயங்காலம் மழை பிடித்தது, பிறகு பனியும் சேர்ந்துகொண்டது. எனக்குக் குடை இல்லை. வீட்டுக்கு வரும்போது ஏழு மணி. தலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அப்போது வயிற்றில் ஏழாவது வாரம்.

அந்த மழையில்தான் கதிர்வீச்சு எல்லாம் இறங்கியது என்று பிறகு பேப்பரில் போட்டிருந்தான்.

மாமிக்கு இது தெரியாது. தெரியாமலே அவர்கள் முடிவுக்கு வந்துவிட்டார்கள். ஜப்பானில் இருந்தாள் என்பதே அவர்களுக்குப் போதும். “நூத்திருவது நாள்ல புள்ளைக்கு உசுரு, ரூஹு ஊதப்படும். அதுக்கு முன்னாடி கலைச்சா அல்லாஹ் மன்னிப்பான். அப்பால கைவெச்சா கொலை” என்கிறார்கள். திட்டவில்லை, மிரட்டவில்லை. காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே சொல்கிறார்கள். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. என் அம்மா உயிரோடு இருந்திருந்தால் எங்கள் ஊர் மேல்விஷாரத்துக்கே போயிருப்பேன்.

நாள் எண்ணிப் பார்த்தோம். ஜூன் எட்டாம் தேதி நூற்றிருபது. உங்களுக்கு என்ன வேண்டும்? ஃபோனில் வேண்டாம். எழுதுங்கள், உடனே.

ஹிபா


ஃபுகுஷிமா
30.5.2011

ஹிபாவுக்கு, உன் கடிதம் இன்று வந்தது. இன்றே எழுதுகிறேன்.

கலைத்துவிடு.

நான் யோசித்துத்தான் சொல்கிறேன். நம் இருவருக்கும் சின்ன வயதுதான். அல்லாஹ் மறுபடி தருவான். ரஹிமாக்காவை அம்மா தூக்கியதை நான் பார்த்து வளர்ந்தவன். அக்கா குளிக்கும்போது கதவுக்கு வெளியே தண்ணீர் எடுத்து வைப்பது என் வேலை. உன்னை அந்த இடத்தில் என்னால் வைத்துப் பார்க்க முடியவில்லை.

ஏன் என்று கேட்டுப் பதில் எழுதாதே. செய்துவிடு.

முஸ்தகீம்


பூந்தமல்லி
3.6.2011

மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இன்றுவரை உங்கள் பதில் வரவில்லை. தபால்காரரைத் தெருமுனையிலேயே போய்ப் பார்க்கிறேன். ஃபோனில் நீங்கள், “அம்மா சொல்றதக் கேளு” என்று ஒரே வரியோடு நிறுத்திவிட்டீர்கள். ஸ்பீக்கரில் அது வீடு முழுக்கக் கேட்டது.

முந்தாநாள் மாமி ஆட்டோவில் ஆவடிப் பக்கம் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனார்கள். கோவில்பதாகை தாண்டி உள்ளே ஒரு சந்தில். போகும் வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு ஓதிக்கொண்டே வந்தார்கள். அங்கே ஒரு சம்மதக் காகிதத்தை நர்ஸ் நீட்டினாள். பேர், வயது, கணவன் பேர், எல்லாம் எழுதினேன். கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா நின்றுவிட்டது. “மாமி, ஊட்டுக்குப் போலாம்” என்றேன். மாமி இருபது நிமிடம் என் கையை விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு எழுந்து ஆட்டோ பிடித்தார்கள். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. வீட்டுக்கு வந்து தொழுகைப் பாயில் உட்கார்ந்தவர்கள் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை.

நேற்று சாமான் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, தனியாகச் சாவித்திரி டாக்டரிடம் போனேன். மழையைச் சொன்னேன். நான்கு மணி நேரம் நின்றதைச் சொன்னேன். பொய் சொன்னதற்குத் திட்டுவார் என்று நினைத்தேன். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “கரு கலைக்கணும்னு யோசிக்கிற கதிர்வீச்சு அளவு ஒண்ணு இருக்கும்மா. ஊரைவிட்டு வர்ற வரைக்கும் அந்த ஊர்ல உங்களுக்குக் கிடைச்சது அதுல ரொம்பச் சின்ன பங்காத்தான் இருக்கும். வயித்துக்கு எடுக்கிற ஒரு சி.டி. ஸ்கேனைவிடக் கம்மி. எண்பத்தாறுல ரஷ்யாப் பக்கம் ஒரு உலை வெடிச்சப்போ எங்கெங்கேயோ இருந்த பொம்பளைங்க பயத்துலயே கலைச்சாங்க. அதுல ரொம்பப் பேர் கலைச்சிருக்கவே வேணாம். ஆனா ஒண்ணு. எந்தக் குறையும் இருக்காதுன்னு நான் எழுதித் தர மாட்டேன். ஜப்பானே பார்க்காத நூறு பேர்ல மூணு பேருக்குக் குறையோட பிறக்குது.”

அந்த மூன்றைத்தான் நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். தொண்ணூற்றேழை நினைக்க வரவில்லை.

எட்டாம் தேதி ஸ்கேன். எழுதுங்கள் மச்சான்.

ஹிபா


பூந்தமல்லி
10.6.2011

மச்சானுக்கு, ஸலாம்.

எட்டாம் தேதி ஸ்கேன் பார்த்தார்கள். தலை, முதுகெலும்பு, கை, கால், சிறுநீரகம் எல்லாம் இருக்க வேண்டியபடி இருக்கிறது. இதயத்தில் நான்கு அறையும் தெரிகிறது. விரலை எண்ணிக் காட்டச் சொன்னேன், அந்தப் பெண் சிரித்துக்கொண்டே எண்ணிக் காட்டினாள். மாமி வெளியே உட்கார்ந்திருந்தார்கள். சொன்னதும் என் தோளில் தலையைச் சாய்த்து அழுதார்கள்.

உங்கள் மே முப்பதாம் தேதிக் கடிதம் நேற்று வந்தது. நூற்றிருபதுக்கு மறுநாள்.

முன்னாலேயே வந்திருந்தாலும் செய்திருக்க மாட்டேன். அது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். நீங்கள் எழுதியதில் ரஹிமா மதினி இருக்கிறார்கள், மாமி இருக்கிறார்கள், நான் இருக்கிறேன். அந்த மழை இல்லை. நான் அவ்வளவு எழுதியும் ஒரு வரி இல்லை.

ஹிபா


பூந்தமல்லி
2.9.2011

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் வாழ்த்து. நான், மாமி, வயிற்றில் இருப்பது, மூவரும் நலம். உங்கள் நலத்துக்கு துஆ.

ஜூனுக்குப் பிறகு உங்களிடமிருந்து கடிதமே இல்லை. நானும் கோபத்தில் எழுதவில்லை. ஃபோனில் “சாப்பிட்டியா, மாத்திர போட்டியா” என்பதோடு சரி. முன்பெல்லாம் கார்டு தீரும் வரை பேசுவீர்கள்.

பெருநாளுக்கு பேபி அக்கா வீட்டுக்குப் பிரியாணி கொடுத்தனுப்பினோம். பாத்திரம் கழுவி, உள்ளே வாழைப்பழம் வைத்துத் திரும்பி வந்தது. சாப்பிட்டார்களா, கொட்டினார்களா தெரியாது. மாமிக்குச் சாப்பிட்டிருப்பார்கள் என்றே நம்பிக்கை.

உதைக்கிறது. மாமி கையை வைத்துப் பார்த்துவிட்டு, “காலு வேல செய்யுது” என்கிறார்கள். ஒவ்வொரு நாளும் சொல்கிறார்கள். எனக்கு மழை வந்தால் மட்டும் ஏதோ ஆகிவிடுகிறது. போன வாரம் நசரத்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது நான்கு சொட்டு விழுந்தது. ஒரு மருந்துக் கடைக்குள் ஓடி, ஒன்றரை மணி நேரம் நின்றேன். கடைக்காரர் நாற்காலி கொடுத்தார். நம் ஊர் மழைதான். தெரிகிறது. கால் வெளியே வர மாட்டேன் என்கிறது.

செப்டம்பர் வந்துவிட்டது. எந்தத் தேதியில் டிக்கெட் என்று எழுதுங்கள்.

ஹிபா


ஃபுகுஷிமா
18.9.2011

அன்புள்ள ஹிபாவுக்கு, நலம். உன் நலமறிய ஆவல்.

ஒப்பந்தத்தை மார்ச் வரை நீட்டியிருக்கிறார்கள். ஆள் இல்லாததால் என்னை விடவில்லை. பிரசவத்துக்கு வர முடியாது. அம்மா இருக்கிறார்கள், டாக்டர் நல்லவர் என்கிறாய்.

இங்கே சின்னப் பிள்ளைகளுக்கெல்லாம் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு சின்ன அட்டை கொடுக்கப்போகிறார்களாம். அவர்கள் மேல் எவ்வளவு பட்டது என்று அது கணக்கு வைக்குமாம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு குழுவோடு சேர்ந்து பள்ளிக்கூட வாசல்களைக் கழுவப் போகிறேன். கூரை, சாக்கடை, ஊஞ்சல் எல்லாம் கழுவுகிறோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

முஸ்தகீம்


பூந்தமல்லி
6.11.2011

மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நாளைக்கு பக்ரீத். மாமி அசருக்குத் தொழுதுகொண்டிருக்கிறார்கள், குழந்தை தூங்குகிறாள், அதற்குள் எழுதுகிறேன்.

ஃபோனில் உங்களிடம் சொன்னது பாதிதான். இருபத்தொன்பதாம் தேதி காலை பத்தே காலுக்குப் பிறந்தாள். இரண்டு கிலோ எண்ணூறு. பிறந்ததும் அழுதாள். மாமி அவளைத் துணியோடு வாங்கி முதலில் காலை நீட்டிப் பார்த்தார்கள், பிறகு கையை, பிறகு காதருகே நாக்கால் சொடுக்கிப் பார்த்தார்கள். திரும்பிப் பார்த்தாள். அதன் பிறகுதான் காதில் பாங்கு சொல்ல ஆளைக் கூப்பிட்டார்கள். அஃபியா என்று பேர் வைத்ததும் அவர்கள்தான். சுகம் என்று அர்த்தம்.

மூன்றாம் நாள் குழந்தை டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். எடுக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். “ஒரு சத்தம் வருது, எக்கோ எடுத்துப் பார்த்துடலாம்” என்றார்.

இதயத்தின் கீழ் அறைகளுக்கு நடுவில் உள்ள சுவரில் ஓட்டை. மூன்று மில்லிமீட்டர். ஸ்கேனில் தெரியாத அளவு சின்னது.

பயப்பட வேண்டாம், இந்த அளவு ஓட்டை பெரும்பாலும் தானாக மூடிவிடும் என்கிறார்கள். பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கிறதா, மூச்சு வாங்குகிறதா, எடை ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். பிப்ரவரியில் மறுபடி எக்கோ. நான் நெற்றியை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கண் எந்த நிறம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

“ஜப்பான்லருந்து வந்துச்சா இது?” என்று மாமி கேட்டார்கள். சாவித்திரி டாக்டர், “இந்தக் குறை எல்லா ஊர்லயும் பிறக்குதும்மா” என்றார். மாமி விட்டுவிட்டார்கள். என்னால் விட முடியவில்லை. இதயம் உருவாவது எந்த வாரத்தில் என்று புத்தகத்தில் பார்த்தேன். ஏழாவது வாரம் அதில் இருக்கிறது.

ஃபோனில் ‘ஓட்டை’ என்றதும் நீங்கள் வைத்துவிட்டீர்கள். லைன் போய்விட்டது என்று மாமியிடம் சொன்னேன். அன்றிலிருந்து லைன் வரவில்லை.

ஹிபா


ஃபுகுஷிமா
17.11.2011

ஹிபாவுக்கு, ஸலாம்.

நான் வைத்துவிட்டேன். லைன் போகவில்லை.

இதை எழுத எட்டு மாதமாக முயற்சி செய்கிறேன். அன்றைக்கு பெட்ரோல் வரிசையில் எனக்கு முன்னால் பதினோரு வண்டி இருந்தது. மணி ஐந்தரை இருக்கும். மழை ஆரம்பித்திருந்தது. பக்கத்து வண்டிக்காரர் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடியை இறக்கி என்னிடம் சொன்னார், ஊருக்குள் கதிர்வீச்சு அளவு திடீரென்று ஏறிவிட்டதாம், மழையில் நனையாதே, வீட்டில் ஆள் இருந்தால் உள்ளே இருக்கச் சொல் என்று. நன்றாகப் புரிந்தது. என் ஃபோனில் சார்ஜ் இருந்தது, சிக்னல் இருந்தது. உன்னைக் கூப்பிட எடுத்தேன்.

கூப்பிட்டால் நீ தண்ணீர் இல்லாமல் திரும்பிவிடுவாய். வீட்டில் குடிக்கக்கூட இல்லை. நானே வந்து உன்னைக் கூட்டிப் போகலாம் என்றால் வரிசை போய்விடும். காலையிலிருந்து நின்றது. பெட்ரோல் இல்லாவிட்டால் அந்த ஊரைவிட்டே போக முடியாது. இன்னும் பதினோரு வண்டிதானே, போட்டுவிட்டுக் கூப்பிடலாம் என்று ஃபோனைப் பையில் வைத்துவிட்டேன்.

ஒன்றரை மணி நேரம் ஆனது. வந்தபோது நீ தலை துவட்டிக்கொண்டிருந்தாய். நான் அந்தத் தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்துக் குடித்தேன்.

கலைத்துவிடு என்று எழுதியது உனக்காக இல்லை. அந்தக் குழந்தை முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. மார்ச் வரை என்னை யாரும் பிடித்துவைக்கவில்லை. நானாகக் கேட்டு வாங்கினேன்.

என்னை என்ன செய்வதென்று நீ முடிவு செய்.

முஸ்தகீம்


பூந்தமல்லி
1.12.2011

மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம், மாமி நலம். அஃபியா மூன்று கிலோ முந்நூறு.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று இதில் எழுதப் போவதில்லை. கடிதம் வந்த நாளிலிருந்து மனசுக்குள் உங்களை வைதுகொண்டே இருக்கிறேன். துணி அலசும்போது வைகிறேன், சோறு வடிக்கும்போது வைகிறேன். பதினோரு வண்டி. ஒரு ஃபோன்.

ஆனால் நீங்கள் மட்டும் எழுதிவிட்டு நான் எழுதாமல் இருந்தால் சரியில்லை. மழை பிடித்ததும் என் வரிசையில் பாதிப்பேர் வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். ஒரு கிழவி என் கையைப் பிடித்து இழுத்து, கூரைக்கு அடியில் வா என்றாள். நான் கையை உதறினேன். எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஓடியதும், அப்பாடா வரிசை குறைந்தது என்று சந்தோஷப்பட்டேன் மச்சான். சந்தோஷமாக நனைந்தேன். நீங்கள் கூப்பிட்டிருந்தாலும் வீட்டுக்குப் போயிருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை.

சாவித்திரி டாக்டரிடம் கடைசியாக ஒருமுறை கேட்டேன், இது அந்த மழையா என்று. “மழையே பார்க்காட்டியும் இந்த ஓட்டை இருந்திருக்கலாம். அவ்வளவு கம்மி அளவுல இப்படி வரும்னு காட்ட ஆதாரம் எதுவும் இல்லை. ஆனா இந்த ஒரு குழந்தைக்கு ஏன் வந்துச்சுன்னு கேட்டா, உலகத்துல எந்த டாக்டராலயும் சொல்ல முடியாதும்மா” என்றார். நமக்கு யாரும் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. குற்றவாளி என்றும் சொல்ல மாட்டார்கள், விடுதலை என்றும் சொல்ல மாட்டார்கள். இப்படியே இருந்து பழக வேண்டும்.

நேற்று உங்கள் கடிதத்தை மாமிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். என் பங்கையும் சொன்னேன். எட்டு மாதமாக அவர்களிடம் மறைத்தது போதும் என்று தோன்றியது. அஃபியாவை மடியில் போட்டுக்கொண்டு, அவள் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தபடி முழுவதும் கேட்டார்கள். பிறகு கேட்டார்கள்:

“வண்டிக்கு பெட்ரோல் போட்டாச்சி. பொண்டாட்டிய ஊட்டாண்ட அனுப்பியாச்சி. அவன் இன்னும் எந்த லைன்ல நின்னுகினு கீறான்?”

அவர்கள் கேட்டதையே நானும் உங்களைக் கேட்கிறேன்.

அவள் ஒரு தடவை பால் குடிக்க முக்கால் மணி நேரம் ஆகிறது. குடித்ததும் அரைமணி தோளில் நிமிர்த்திப் போட்டிருக்க வேண்டும். படுக்கப் போட்டால் வீறிடுகிறாள். மாமிக்கு முட்டி தாங்கவில்லை. எனக்கு இடுப்பு இன்னும் நேராகவில்லை. பிப்ரவரி எக்கோவுக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போக ஆள் வேண்டும்.

வாருங்கள்.

ஹிபா